ஒற்றைக்கொம்பன் திரும்பி வந்த விதம்

"அவன் வந்தால் நான் வரமாட்டன்."

"உங்கடை மகன்ரை கலியாணத்துக்கு நீங்கள் வராமல், பேந்து ஆரப்பா வாறது?"

"அப்ப அவன் வரக்கூடாது. அவ்வளவுதான் கதை."

"அவர் வராட்டிப் பிள்ளைக்குத் தலைப்பா ஆர் கட்டுறது?"

"இப்ப ரெடிமேட் தலைப்பா வந்திட்டுது. தொப்பி மாதிரித் தூக்கி வைச்சால் சரி. ஒருத்தரும் கட்டத் தேவையில்லை."

"அப்ப அந்தக் கடையிலேயே ஒரு ரெடிமேட் மாமாவையும் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ."

தில்லைநாதன் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். வழக்கில் தோற்கும்போதெல்லாம் அவர் போகிற இடம் அது. பெப்ரவரிக் குளிர் என்றும் பாராமல், மேற்சட்டையும் போடாமல், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸ் முழுவதும் தன் பக்கம்தான் நிற்கிறது என்பதுபோல அங்கே நின்றார். புனிதவதி கண்ணாடிக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள். கொஞ்சம் விறைக்கட்டும் என்று நினைத்தாள். பிறகு மனம் கேட்காமல் மேற்சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புனிதவதிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. அவள் சுவிஸ் நாட்டுக்குக் கலியாணப் பெண்ணாக வந்து இறங்கியபோது, பெண் பக்கத்தில் நிற்க ஒரு சகோதரம் வேண்டுமென்று ஐயர் சொன்னார். வாடகைக்கு எடுத்த அந்தச் சின்ன மண்டபத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டி முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற இராஜசிங்கம்தான், "தள்ளடா, நான் இனிப் பொம்பிளைப் பகுதி" என்று தில்லைநாதனை இடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணை, அவள் அவருக்குத் தங்கச்சி. வாய்ப்பேச்சுக்குச் சொன்ன உறவில்லை. அபிசனுக்கு முதற்சோறு தீத்தியதும் அவர்தான். பையன் சைக்கிளால் விழுந்து பல்லை உடைத்தபோது தகப்பன் மயங்கி உட்கார, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

வருகிற மே மாதம் அபிசனுக்குக் கலியாணம். பெண் ஹரிஷா, பாடன் நகரத்துப் பக்கம் வளர்ந்த பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பாலும் அறுகும் தலையில் வைத்து, தோய வார்த்து, தலைப்பாகை கட்டி வெளிக்கிடுத்துவது தாய்மாமன் வேலை. அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த அவளால் முடியாது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்காக இந்த மனிசனோடு மல்லுக்கட்டி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சண்டை வந்தது கோயிலில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பட்டறைக் கட்டடத்தில் அப்போது ஒரு சின்னக் கோயில் இருந்தது. தேர்த் திருவிழா அன்று, தேர் சுற்றி வந்து நின்ற பிறகும், தில்லைநாதன் ஒலிவாங்கியை விடாமல் பாடிக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கிக்கு நகரசபை கொடுத்த அனுமதி மத்தியானத்தோடு முடிந்திருந்தது. அயல்வீட்டார் யாரோ அறிவித்துப் பொலிஸ் வந்தது. கோயில் செயலாளர் என்ற முறையில் இராஜசிங்கம் முன்னால் போனார்.

"அங்கே பாடுகிற மனிதரை உங்களுக்குத் தெரியுமா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

இராஜசிங்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். தெரியாது என்றார்.

"என்னைத் தெரியாதாம்!" என்பார் தில்லைநாதன், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும். "அகதி முகாமிலை ஒரு பாணைப் பாதியாப் பிச்சுத் திண்டவன். ஒரு சப்பாத்தை ரெண்டு பேரும் மாறி மாறிப் போட்டனாங்கள். அவனுக்கு என்னைத் தெரியாதாம்."

"தெரியும் எண்டால் கோயில்ரை ஆள் எண்டு ஆகும்" என்பாராம் இராஜசிங்கம். "பேந்து அடுத்த வருசம் தேர் இழுக்க விடமாட்டாங்கள். கோயிலுக்காகச் சொன்னது. உந்த விசரனுக்கு அது விளங்கேல்லை."

அடுத்த வருசம் அந்தக் கட்டடத்தையே விற்றுவிட்டார்கள். தேரும் இல்லை, கோயிலும் இல்லை. சண்டை மட்டும் மிஞ்சியது. இராஜசிங்கம் பாடனில் வேலை கிடைத்துப் போய்விட்டார். முன்பெல்லாம் மணித்தியாலக் கணக்கில் தொலைபேசியில் கதைத்த இரண்டு பேரும் ஏழெட்டு வருசமாக ஒரு சொல் பேசவில்லை. "அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்று இவர். "அவன் முதல் ஒரு போன் எடுக்கட்டும்" என்று அவர்.

அடுத்த கிழமை சாப்பிட வந்த அபிசன், சோற்றுக் கையோடு மற்றக் கையால் தன் கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் ஒரு சினிமா விளம்பரம்.

"அப்பா, இது உங்கடை ஆளோ பாருங்கோ."

தில்லைநாதன் கண்ணாடியைத் தேடி, அது தன் நெற்றியில் இருப்பதைக் கண்டுபிடித்து, கீழே இறக்கிப் பார்த்தார்.

"எட! ஒற்றைக்கொம்பன்!"

"பழைய நகரத்திலை நிலக்கீழ் சினிமா ஒண்டு இருக்கெல்லோ? ஜப்பான் பூதப் படமெல்லாம் எடுத்துப் போடுறாங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இது."

"இஞ்சை பாரும் புனிதம்! அதே கொம்பு. அதே முறிவு!"

புனிதவதி எட்டிப் பார்த்தாள். அவள் அந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பிராணியை அவளுக்குத் தன் சொந்தக்காரரைப்போலத் தெரியும். மலையளவு டைனோசர். முதுகெல்லாம் பலாப்பழம்போலக் கரடுமுரடு. நெற்றியில் இரண்டு கொம்பு. ஒன்று முழுசு, மற்றது பாதியில் முறிந்தது. ஜப்பான்காரர் அதை வைத்துப் படத்துக்குமேல் படம் எடுத்திருந்தார்கள். எல்லாப் படத்திலும் வரும், எல்லாப் படத்திலும் யாரிடமாவது அடி வாங்கிச் சரியும். அடுத்த படத்தில், முறிந்த கொம்பை ஒட்டக்கூட நேரமில்லாததுபோல, அப்படியே எழும்பி வரும்.

தில்லைநாதனும் இராஜசிங்கமும் இருந்த அகதி முகாமில் ஒரு தொலைக்காட்சி, ஒரு வீடியோப் பெட்டி, ஒரே ஒரு நாடா. அந்த நாடாவில் இருந்தது இந்தப் படம், டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில். வெளியே இடுப்பளவு பனி. உள்ளே தமிழர், துருக்கிக்காரர், கொங்கோவிலிருந்து வந்த இரண்டு பேர். எல்லாருமாக அந்தக் குளிர்காலம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவர்கள் படித்த முதல் டொச்சு அந்தப் படத்தின் டொச்சுதான். சுகமாக இருக்கிறீரா என்று கேட்ட அதிகாரிக்குத் தில்லைநாதன் சுத்தமான உச்சரிப்பில், "நகரம் இனித் தாங்காது, எல்லாரும் ஓடுங்கள்" என்று பதில் சொன்னதாக இராஜசிங்கம் சொல்வார். "அது அவன் சொன்னது. நான் பக்கத்திலை நிண்டனான்" என்பார் தில்லைநாதன்.

படத்தில் ஒரு பேராசிரியர், ஒரு படைத்தளபதி. பேராசிரியர் பேசுவதெல்லாம் தில்லைநாதனுக்கு மனப்பாடம், தளபதி பேசுவதெல்லாம் இராஜசிங்கத்துக்கு. புனிதவதி வந்த புதிதில், ஒற்றை அறை வீட்டில் அடுப்பில் கறி கொதிக்க, இரண்டு பேரும் கரண்டியும் அகப்பையுமாக நின்று முழுப்படத்தையும் அவளுக்கு நடித்துக் காட்டினார்கள். ஒரு சொல் விளங்காமல் வயிறு நோகச் சிரித்தாள். இந்த நாட்டில் அவள் சிரித்த முதற்சிரிப்பு அது.

"அப்பா, அந்த ஸ்கீ கதையைச் சொல்லுங்கோவன்" என்றான் அபிசன், நூறு தரம் கேட்டிருந்தும்.

"அதேன் கேக்கிறாய்! கொம்பனுக்கும் பண்டிக்கும் பயங்கரச் சண்டை. பண்டியெண்டால் சும்மா பண்டியில்லை, மலைக்குள்ளையிருந்து வந்த பூதக் காட்டுப்பண்டி. கொம்பனை அடிச்சுக் கடலுக்கை தள்ளுது. சரியோ? கொம்பன் தாண்டுபோறான். கடலிலை குமிழி வருது. நாங்கள் மூச்சுவிடாமல் இருக்கிறம். பாத்தால், டக்கெண்டு பனிச்சறுக்குப் போட்டி! எந்தக் கோதாரி விழுவானோ படத்துக்கு மேலை ஸ்கீயைப் பதிஞ்சிட்டான். ஒருத்தன் சறுக்கி வாறான், மற்றவன் சறுக்கி வாறான், சனம் மணி அடிக்குது. அது முடிஞ்சு திரும்பப் படம் வந்தால்..."

"கொம்பனும் பண்டியும் பக்கத்திலை பக்கத்திலை நிக்கினம்" என்று முடித்தாள் புனிதவதி.

"ஓம்! தோளோடை தோள்! வானத்தாலை வந்த இரும்பு வௌவாலோடை ரெண்டும் சேர்ந்து அடிபடுகினம். எப்பிடி? இப்பத்தானே ஒண்டையொண்டு கொல்ல நிண்டதுகள்! நடுவிலை என்ன நடந்தது?"

அதுதான் அந்த இரண்டு பேரின் வாழ்நாள் வழக்கு. இராஜசிங்கம், "பண்டி முதல் உதவி கேட்டிருக்கும், கேக்காமல் கொம்பன் போயிருக்கமாட்டான்" என்பார். தில்லைநாதன், "கொம்பன் வந்து மன்னிப்புக் கேட்டிருப்பான், கேக்காமல் பண்டி சேர்த்திருக்காது" என்பார். பஸ்ஸில், சமையலறையில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்கூட இந்த வழக்கு நடந்திருக்கிறது. மகப்பேற்று வேதனையில் கிடந்த புனிதவதிக்கு வெளியே "பண்டி! பண்டி!" என்று சத்தம் கேட்டது இன்றைக்கும் ஞாபகம்.

தில்லைநாதன் கைத்தொலைபேசியிலிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இப்ப பாத்தால், அந்த நடுத்துண்டும் இருக்கும், என்ன?"

அவர் யாரிடம் அதைச் சொல்ல ஆசைப்பட்டார் என்பது புனிதவதிக்குத் தெரிந்தது. அவர் பல்கனிக்குப் போனதும், குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இராஜசிங்கத்தின் மனைவி வேணுகாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கணவன்மார் பேசாத வருசங்களிலும் இந்த இரண்டு பேரும் பேச்சை விட்டதில்லை. குரலைத்தான் குறைத்துக்கொண்டார்கள்.

"மச்சாள், ஞாயிற்றுக்கிழமை அண்ணையைப் பேர்ணுக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

"என்னத்துக்கு மச்சாள்?"

"ஒற்றைக்கொம்பன் படம் போடுறாங்கள்."

வேணுகா மறுபக்கத்தில் சிரித்துவிட்டாள். "ஐயோ மச்சாள், போன மாசம் இவருக்குக் காய்ச்சல் வந்து எழும்பினவர். எழும்பினதும் கண்ணாடியைப் பாத்து என்ன சொன்னவர் தெரியுமோ? 'ஏர் லேப்ட் நொஹ்!'"

"'அவன் இன்னும் உயிரோடைதான் இருக்கிறான்'" என்றாள் புனிதவதி. படத்தில் பேராசிரியர் கத்துகிற வரி. "இஞ்சையும் அதுதான். ஒவ்வொரு விடியவும்."

"உங்கடை ஆள் வாறார் எண்டு சொன்னால் இவர் வரமாட்டார். சொல்லாமல் கூட்டிவந்தால் என்னைக் கொண்டுபோடுவார்."

"கலியாணம் முடியக் கொல்லச் சொல்லும். மச்சாள், என்ரை பிள்ளைக்கு அண்ணைதான் தலைப்பாக் கட்டவேணும். இது சரிவராட்டி எனக்கு வேறை வழி தெரியாது."

"சரி, கூட்டிக்கொண்டு வாறன். பேந்து கடவுள் விட்ட வழி."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழைத் தூறல். பழைய நகரத்து வளைவுக் கூரையின்கீழ் நடந்து, நிலத்தில் சாய்ந்து கிடந்த கதவுக்குள்ளால் கற்படி இறங்கினால் அந்தச் சினிமா. முன்னர் வைன் பீப்பாய்கள் இருந்த நிலவறையாம். சிவப்புக் கதிரைகள் ஏழெட்டு வரிசை. முன்னுக்கெல்லாம் இளம் சுவிஸ்காரர். சிலர் தலையில் டைனோசர்த் தொப்பி. தில்லைநாதன் கலியாண வீட்டுக்கு வந்ததுபோலச் சட்டை அழுத்திப் போட்டிருந்தார். வேணுகா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் அவர் கால் நின்றது.

"இவ எப்பிடி இஞ்சை?"

"படம் பாக்க வந்திருக்கிறா. இருங்கோ."

"அப்ப அவன்?"

அந்த 'அவன்' கழிவறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் கண்டார்கள். இராஜசிங்கத்தின் தலை முழுக்க நரைத்திருந்தது. தில்லைநாதனின் தலையில் நரைக்க ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் உச்சி முதல் கால்வரை பார்த்து, இந்தளவுக்குக் கிழடாகிவிட்டானே என்று திடுக்கிட்டதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"புனிதம், எழும்பும், போவம்."

"வேணுகா, இது உன்ரை வேலையோ?"

"சனம் பாக்குது, இருங்கோ அண்ணை" என்றாள் புனிதவதி. "கத்தி வழக்காட இது கோயில் வீதியில்லை."

அந்தச் சொல் இரண்டு பேரையும் சேர்த்தே சுட்டது. தில்லைநாதன் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அடுத்த கதிரையில் தன் மேற்சட்டையை வைத்தார், எல்லைக்கல் நடுவதுபோல. இராஜசிங்கம் அதற்கும் அப்பால், நடைபாதை ஓரக் கதிரையில், ஓடத் தயாராக நுனியில் உட்கார்ந்தார். பெண்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். விளக்கு அணைந்தது.

முதற்காட்சியிலேயே பேராசிரியர் வந்து வாயைத் திறந்தார். தில்லைநாதன் துள்ளினார்.

"உதென்ன, ஜப்பான் பாஷையிலை கதைக்கிறார்!"

"ஜப்பான் படமெண்டால் ஜப்பானிலைதான் கதைப்பினம்" என்று புனிதவதி குசுகுசுத்தாள்.

"இல்லையப்பா, பேராசிரியர் டொச்சுக்காரன்! கீழை எழுத்து ஓடுது, குரலைக் காணேல்லை. இது பிழை!"

அந்தப் பக்கத்திலிருந்து, யாருக்கும் சொல்லாததுபோல, ஒரு குரல்: "தளபதியின்ரை குரலையும் மாத்திப்போட்டாங்கள். பூனை மாதிரிக் கிடக்கு."

ஏழெட்டு வருசத்தில் அவர் வாயிலிருந்து தில்லைநாதன் காதுக்கு வந்த முதல் வசனம் அது. தில்லைநாதன் திரும்பவில்லை. ஆனால் பேராசிரியர் அடுத்தமுறை வாயைத் திறந்தபோது, அவர் உதடு தன்பாட்டில் அசைந்தது.

"டஸ் இஸ்ட் உன்மொய்க்லிஷ்!" இது நடக்கவே முடியாது.

மேற்சட்டைக்கு அந்தப் பக்கமிருந்து தளபதி பதில் சொன்னார். "சுறூக்! அல்லெ சுறூக்!" எல்லாரும் பின்வாங்குங்கள்.

முன்வரிசையில் டைனோசர்த் தொப்பி ஒன்று திரும்பியது. தொப்பிக்குள் ஓர் இளம்பெண். அவள் சீறப்போகிறாள் என்று புனிதவதி பயந்தாள். "லௌட்டர், பிட்டே" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லட்டாம்.

அதன்பிறகு யார் பிடிப்பது? திரையில் ஜப்பான்காரர் வாயசைக்க, பின்வரிசையில் இரண்டு யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் டொச்சில் பேசினார்கள். பேராசிரியருக்கு இருமல் வந்தால் தில்லைநாதன் இருமினார். தளபதி தொலைபேசியை அறைந்து வைத்தால் இராஜசிங்கம் கதிரைக் கையில் அறைந்தார். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் திரையோடுதான் பேசினார்கள். புனிதவதிக்கு அது போதவில்லை. படம் முடிய விளக்கு வரும், பேராசிரியரும் தளபதியும் வேறு வேறு படியால் ஏறிப் போய்விடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஒற்றைக்கொம்பன் வந்தான். அவள் முதல்முதல் அவனைக் கண்டாள். உள்ளே ஒரு மனிசன் நின்று ஆட்டுகிறான் என்று பார்த்ததும் தெரிந்தது; முழங்காலில் றப்பர் மடிந்தது. ஆனாலும் அந்தக் கண்ணில் ஒரு பாவம் இருந்தது. பண்டி அவனை அடித்தது, இடித்தது, கோபுரத்தோடு சேர்த்துத் தூக்கிக் கடலில் எறிந்தது. நீர் மூடியது. குமிழிகள் வந்தன.

இரண்டு கிழவர்களும் ஒரேநேரத்தில் வாயை மூடினார்கள்.

இந்த இடத்தில்தான் ஸ்கீ வரும். இந்த இடத்துக்கு அவர்களிடம் டொச்சு இல்லை. தில்லைநாதன் முன்னுக்குச் சாய்ந்தார். இராஜசிங்கமும் சாய்ந்தார்.

வானத்திலிருந்து இரும்பு வௌவால் இறங்கியது. பண்டியை நகத்தால் கிழித்தது, மலையோடு வைத்து அழுத்தியது. பண்டி யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட அதற்கு யாரும் இல்லை. கடற்கரையில் நீர் பிரிந்தது. முதலில் முறிந்த கொம்பு வந்தது, பிறகு தலை, பிறகு பாசி தொங்குகிற முதுகு. ஒற்றைக்கொம்பன் கரையேறி நடந்தான். இசை இல்லை, வசனம் இல்லை. வயல் தாண்டி, பாலம் தாண்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். நடை நீண்டுகொண்டே போனது. முன்வரிசையில் யாரோ சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியில் அவன் பண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பண்டி திரும்பி ஒருமுறை பார்த்தது. கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டது.

அவ்வளவுதான்.

"இவ்வளவுதானோ?" என்றார் தில்லைநாதன்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் இராஜசிங்கம்.

திரையில் பேராசிரியர் குன்றின்மேல் ஓடி வந்தார். ஸ்கீ முடிந்து நாடாவில் படம் திரும்புகிற இடம் இதுதான். முகாம் முழுக்க, துருக்கிக்காரரும் கொங்கோக்காரரும் சேர்ந்து, எழும்பி நின்று கத்துகிற இடம். வரி தில்லைநாதனுடையது. அவர் வாயைத் திறந்தார். சொல் வெளியே வரவில்லை. திரையில் பேராசிரியரின் வாய் அசையத் தொடங்கிவிட்டது.

"சொல்லடா!" என்றார் இராஜசிங்கம்.

"ஏர் லேப்ட் நொஹ்!" என்று இரண்டு பேரும் எழும்பி நின்று கத்தினார்கள். நிலவறை அதிர்ந்தது. முன்வரிசை கைதட்டியது. மூலையில் இருந்த ஒரு கோட்டுக்காரர் மட்டும் வெடுக்கென்று எழும்பி வெளியே போனார்.

கொஞ்சநேரத்தில் வாசலில் டிக்கெட் கிழித்த நரைமுடிப் பெண்மணி கைவிளக்கோடு வந்தார். கோட்டுக்காரர் பின்னால் நின்று விரலை நீட்டினார். விரல் நீண்டது தில்லைநாதனை நோக்கி. அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், அன்று ஒலிவாங்கியோடு நின்றதுபோலவே. விளக்கொளி அவர் முகத்தில் விழுந்தது. பெண்மணி நடைபாதை ஓரத்தில் இருந்த இராஜசிங்கத்திடம் குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்த மனிதரும் நீங்களும் ஒன்றாக வந்தவர்களா?"

புனிதவதியின் நகம் வேணுகாவின் கையில் பதிந்தது. தில்லைநாதன் அசையவில்லை. திரையில் வௌவால் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

இராஜசிங்கம் திரும்பி, வெளிச்சத்தில் நின்ற அந்த மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"யா" என்றார். "ஷோன் லாங்." ஓம், கனகாலமாக. பிறகு, கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "என்ரை தங்கச்சியின்ரை மனிசன். சத்தம் போட்டது நானும்தான்" என்று டொச்சில் சொன்னார்.

டைனோசர்த் தொப்பிப் பெண் முன்னாலிருந்து, "அவர்களை விடுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்குப் படம் வேண்டாம்" என்றாள். பெண்மணி விளக்கை அணைத்து, கோட்டுக்காரரை வேறு கதிரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தில்லைநாதன் இருந்தார். இருந்தவர், பக்கத்துக் கதிரையிலிருந்த மேற்சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இராஜசிங்கம் அந்தக் கதிரைக்கு மாறி வந்தபோது தில்லைநாதனின் முழங்கை இடித்துப் புனிதவதியின் சோளப்பொரிப் பெட்டி கவிழ்ந்தது. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. பெண்கள் முன்னால் நடக்க, பின்னால் வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது.

"பாத்தியோ? பண்டிதான் தள்ளி இடம் விட்டது. அப்ப பண்டிதான் மன்னிப்புக் கேட்டமாதிரி" என்றார் இராஜசிங்கம்.

"விசரா, கொம்பன்தானே அவ்வளவு தூரம் நடந்து வந்தவன்! கால் இழுத்து இழுத்து வந்ததை நீ காணேல்லையோ?"

"வந்தவன் ஒரு சொல் சொன்னவனோ?"

"பண்டி கேட்டதோ?"

தரிப்பிடத்தில் ட்ராம் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. அது கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனது. இராஜசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, பெடியன்ரை தலைப்பாத் துணி என்ன நிறம்?"

புனிதவதி வாயைத் திறக்குமுன் தில்லைநாதன், "அதுக்கு ரெடிமேட் இருக்கு" என்றார்.

"ரெடிமேட்டோ? என்ரை மருமகனுக்கோ? உனக்கு நான் கட்டின தலைப்பா அவிழ்ந்ததோ சொல்லு பாப்பம்!"

"ரெண்டு தரம் அவிழ்ந்தது."

"நீ தலையை ஆட்டினாய்! பொம்பிளையைப் பாக்கிறன் எண்டு பம்பரம் மாதிரித் திரும்பினாய்!"

"அரக்கு நிறம் அண்ணை" என்றாள் புனிதவதி. குரல் கொஞ்சம் உடைந்தது. குளிர் என்று காட்டிக்கொண்டு சால்வையை இழுத்து மூடினாள். "பட்டுத்துணி. நீங்கள்தான் வந்து கட்டவேணும்."

"பட்டு வழுக்கும். ரெண்டு ஊசி கொண்டு வாறன்."

வேணுகா கைத்தொலைபேசியைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, எங்கடை பாடன் ரெயில் போயிட்டுது" என்றாள்.

தில்லைநாதன் ட்ராம் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டை சோறு கிடக்கு."

"கறி என்ன?" என்றார் இராஜசிங்கம்.

"வந்து பாரன்."

அடுத்த ட்ராமின் வெளிச்சம் திருப்பத்தில் தெரிந்தது. தில்லைநாதன் ஒரு எட்டுத் தள்ளி நின்று இடம் விட்டார்.